நினைவுக்கு எடை உண்டு

அமெரிக்காவில் முதல்முறையாகப் பின்பால் மெஷின் வாங்கப்போகிறவருக்கு வழக்கமாக ஓர் அறிவுரை கிடைக்கும். பழைய எலக்ட்ரோமெக்கானிக்கலாகப் பார்த்து வாங்கு, விலை குறைவு, உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது, அதனால் எளிமை, பழுதானால் நீயே சரிபண்ணிக்கொள்ளலாம்.

இந்த அறிவுரையின் முடிவு சரி. காரணங்கள்தான் போதவில்லை. விலை பெரும்பாலும் குறைவுதான், ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பது ஒரு பொருளைப் பற்றிய விமர்சனம் ஆகாது. 'எளிமை' என்பதோ சுத்தமாகத் தவறு. 1970களில் வந்த, நான்கு பேர் ஆடும் மெஷின் ஒன்றின் மேல்கண்ணாடியை உருவிவிட்டு ஆடுதளத்தைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள். எளிமை என்ற சொல் வாயில் வராது. டஜன்கணக்கில் ரிலேக்கள், நூற்றுக்கணக்கில் சுவிட்சுகள், பல நிறங்களில் கட்டுக்கட்டாக வயர்கள். பார்த்ததும் மூடிவிடத்தான் தோன்றும்.

நல்ல படைப்பை அணுகுவதுபோல இந்த மெஷின்களையும் அணுகலாம் என்பது என் கட்சி. இதன் வடிவம் எங்கிருந்து வந்தது, எந்தக் கட்டுப்பாட்டுக்குள் இது இயங்குகிறது, அந்தக் கட்டுப்பாட்டை எப்படி அழகாக மாற்றிக்கொள்கிறது என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால், முதலில் எதை வாங்குவது என்ற சந்தைக் கேள்விக்கே வேறொரு பதில் கிடைக்கிறது.

நாஸ்டால்ஜியா எனக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின்களைச் சேகரிப்பவர்களில் பலருக்கு இது பால்யம். பதினாறு வயதில் ஏதோ ஒரு பௌலிங் கூடத்தில் காசு போட்டு ஆடியது. எனக்கு அப்படி எதுவும் கிடையாது. நம் தலைமுறையில் பலருக்குப் பின்பால் என்றால் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஸ்பேஸ் கேடட்தான். லேபில் ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆடியது. அதனால் இந்த மெஷின்களின்மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு மெஷினுக்குள்ளேயே காரணம் தேடவேண்டியிருக்கிறது.

1

சிகாகோதான் இதன் ஊர். காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. 1947இல் காட்லீப் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில்தான், பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தில் பந்தைத் தட்டிவிடும் துடுப்புகள், அதாவது ஃபிளிப்பர்கள், முதலில் வந்தன. பக்கத்துக்கு மூன்றாக ஆறு. அதற்கு முன்பு பந்தை ஏவிவிட்டால் அப்புறம் மெஷினை இடுப்பால் இடிப்பதைத் தவிர ஆடுபவருக்குப் பெரிய வேலை இல்லை. 1947இலிருந்து, மைக்ரோபிராசசர் உள்ளே நுழைந்த 1977 வாக்கில் வரை, ஏறக்குறைய முப்பது வருடம். நான் பேசுவது இந்தக் காலத்து மெஷின்களைப் பற்றி. சேகரிப்பவர்கள் சுருக்கமாக 'ஈஎம்' என்பார்கள்.

ஈஎம்மின் அடிப்படை அலகு ரிலே. ஒரு கம்பிச்சுருள், அதன்மேல் ஓர் இரும்புத்தகடு. சுருளில் மின்சாரம் போனால் காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்து சில சுவிட்சுகளை மூடும், சிலவற்றைத் திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். அவ்வளவுதான். ஆனால் ரிலே மூடும் சுவிட்சுகளில் ஒன்றின் வழியாகவே அந்த ரிலேவுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பந்து ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாலும், ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். வேறொரு சுவிட்ச் அந்த வழியைத் துண்டிக்கும்வரை விடாது. நடந்த ஒன்றை, நடந்து முடிந்த பிறகும் வைத்திருப்பது. இதற்குப் பெயர் நினைவு. நாங்கள் இதை 'பிட்' என்போம்.

இது நான் வலிந்து செய்யும் ஒப்பீடு இல்லை. 1937இல் எம்ஐடியில் கிளாட் ஷானன் எழுதிய முதுகலை ஆய்வேடு ரிலே சர்க்யூட்டுகளைப் பற்றியதுதான். இரண்டு சுவிட்சுகளை அடுத்தடுத்து வைத்தால் 'மற்றும்', பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 'அல்லது', ஆகவே ரிலேக்களின் வலையைத் தர்க்கமாக எழுதலாம், தர்க்கத்தை ரிலேக்களாகக் கட்டலாம் என்று அதில் காட்டினார். ஃபிளிப்பர் பிறந்த அதே 1947இல், ஹார்வர்டின் மார்க் 2 கம்ப்யூட்டரின் ரிலே ஒன்றில் ஒரு அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். நாங்கள் தினமும் 'பக்' என்று சொல்லும்போதெல்லாம் நினைவுகூரப்படும் பூச்சி அது. ஆக, மதுக்கடை மூலையில் நின்ற பின்பால் மெஷினும் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரும் ஒரே இனம். ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள், இன்னொன்றை அழுக்குத் துணியும் சுவிட்ச் தேய்க்கும் அரமுமாக வந்த மெக்கானிக்குகள்.

2

ஈஎம்மில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு ஸ்கோர் மோட்டார். ஒரு சிறு மோட்டார், அதன் அச்சில் அடுக்கடுக்காகப் பல் வைத்த தட்டுகள், ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் சுவிட்சுகள். மோட்டார் சுழன்றால் சுவிட்சுகள் ஓர் ஒழுங்கில் திறந்து மூடும். மெஷினின் தாளம் இதுதான். பந்து 50 புள்ளி இலக்கில் படுகிறது என்று வையுங்கள். ஸ்கோர் சக்கரத்துக்கு 50 என்றால் என்னவென்று தெரியாது, ஒரு பல் நகரத்தான் தெரியும். அதனால் மோட்டார் சுழன்று, பத்தின் சக்கரத்துக்கு ஐந்து துடிப்பு கொடுக்கிறது. ஐந்து முறை மணி அடிக்கிறது. அந்தக் காலத்து மெஷினில் ஆடும்போது கேட்கும் அந்த 'டிங் டிங் டிங் டிங் டிங்' அலங்காரத்துக்காக வைத்தது இல்லை. மெஷின் வாய்விட்டு எண்ணுகிறது.

சக்கரம் 9இல் நிற்கும்போது ஒரு சுவிட்ச் மூடியிருக்கும். அடுத்த துடிப்பு வந்தால் இந்தச் சக்கரம் 0க்குப் போகும், மூடியிருந்த சுவிட்ச் வழியாகப் பக்கத்துச் சக்கரமும் ஒரு பல் நகரும். மூன்றாம் வகுப்பில் நாம் படித்த 'மிச்சம் ஒன்று'. கணக்கு டீச்சர் விரல் மடக்கிச் சொன்னதைப் பித்தளையும் பிளாஸ்டிக்கும் செய்துகாட்டுகின்றன.

புது ஆட்டம் தொடங்கும்போது எல்லாச் சக்கரமும் 0க்குத் திரும்பவேண்டும். எந்தச் சக்கரம் எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. எனவே 0இல் இல்லாத சக்கரங்களையெல்லாம் மோட்டார் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் 0க்கு வந்ததும் அதன் சுவிட்ச் திறந்து விலகிக்கொள்ளும். எல்லாம் விலகியதும் மோட்டார் நிற்கும், பந்து வரும். நிரல் எழுதுபவர்களுக்கு இது பழகிய ஒரு லூப். அந்த 0 சுவிட்சுகளில் ஒன்றில் கோளாறு இருந்தால்? மோட்டார் நிற்கவே நிற்காது. முடிவில்லாச் சுழல், இன்ஃபினிட் லூப். என் வேலையில் இது நடந்தால், எங்கோ ஒரு சர்வரில் ஒரு வரைபடம் ஏறும், நள்ளிரவில் போன் அடிக்கும், நான்கு பேர் சேர்ந்து பதிவுகளைத் துழாவுவோம். ஈஎம்மில் நடந்தால் அடுத்த அறைக்கே கேட்கும். போய் எந்தச் சக்கரம் துடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

வாசிக்கக்கூடியது என்று நான் சொல்வது இதைத்தான். சுலபம் என்று சொல்லவில்லை. மெஷினோடு வரும் சர்க்யூட் வரைபடம் சாப்பாட்டு மேசையை நிறைக்கும் அளவுத் தாள். அதைப் படிக்கப் பழகவே வாரக்கணக்கில் ஆகும். பாதி நேரம் கோளாறு என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளிதான், கண்ணால் பார்த்தால் சரியாகவே இருக்கும். பொறுமை இல்லாதவருக்கு இது பொழுதுபோக்கே கிடையாது. ஆனால் கடைசிவரை போனால் கடைசிவரை தெரியும். தெரியாத பெட்டி ஒன்றின் வாசலில் நின்றுபோக வேண்டியதில்லை. தான் எழுதும் ஒரு வரி கீழே எத்தனை அடுக்குகளைத் தாண்டிப்போய் என்ன செய்கிறது என்று முழுசாகத் தெரியாமலே சம்பளம் வாங்கும் ஒருவனுக்கு, இது சின்ன விஷயம் இல்லை.

3

இனிதான் தேர்வு. சந்தையில் இரண்டு வகை ஈஎம் கிடைக்கும்: ஒருவர் ஆடுவது, இரண்டு அல்லது நான்கு பேர் முறைவைத்து ஆடுவது. முதல்முறை வாங்குபவர் நான்கு பேர் மெஷின் பக்கம்தான் போவார். வீட்டில் எல்லோரும் ஆடலாம், பெரும்பாலும் விலையும் குறைவு. ஒருவர் ஆடும் மெஷினுக்குச் சேகரிப்பவர்கள் ஏன் அதிகம் கொடுக்கிறார்கள்? அரிது என்பதாலா? வெறும் மோகமா? இல்லை. காரணம் ரிலேயில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1975இல் காட்லீபுக்காக எட் கிரின்ஸ்கி வடிவமைத்த 'எல் டொராடோ'. ஒருவர் ஆடுவது. நான்கு ஃபிளிப்பர், 15 டிராப் டார்கெட். டிராப் டார்கெட் என்றால் பந்து பட்டதும் ஆடுதளத்துக்குள் இறங்கிவிடும் சிறு பலகை. மேலே வரிசையாகப் பத்து, கீழே பக்கவாட்டில் ஐந்து. அடுத்த ஆண்டே இதே அமைப்பை நான்கு பேர் ஆடும்படி 'டார்கெட் ஆல்ஃபா' என்று வெளியிட்டார்கள். படம் வேறு, பெயர் வேறு, பந்து ஓடும் பாதை ஏறக்குறைய ஒன்றே.

ஆனால் ஆட்டம் ஒன்றில்லை. எல் டொராடோவில் முதல் பந்தில் நீங்கள் வீழ்த்திய பலகைகள் இரண்டாவது பந்திலும் விழுந்தே கிடக்கும். ஆட்டம் முழுக்க ஒரே முயற்சி. மூன்றாவது பந்தில் கவனமாக விட்டுவைத்த ஒரு பலகை ஐந்தாவது பந்தில் தலைவலியாக வந்து நிற்கும். டார்கெட் ஆல்ஃபாவில் ஒவ்வொரு பந்துக்கும் பலகைகள் எல்லாம் மறுபடி எழுந்துவிடும். அப்படித்தான் செய்ய முடியும். உங்களுக்கு அடுத்து நான் ஆடுகிறேன், நீங்கள் வீழ்த்திய பலகைகள் எனக்கு விழுந்து கிடந்தால் நியாயமா? சரி, யார் எதை வீழ்த்தினார்கள் என்று மெஷின் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளட்டுமே என்றால், 15 பலகை, 4 பேர், 60 நினைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே. அதோடு அவரவர் முறை வரும்போது பலகைகளைத் தனித்தனியாக இறக்க 15 காயில், அதற்கெல்லாம் வயர். பெட்டி தாங்காது, விலையும் தாங்காது.

60 பிட் என்றால் எவ்வளவு? எட்டு பைட்கூட இல்லை. இன்றைய கம்ப்யூட்டரில் 'அம்மா' என்று எழுத 15 பைட் வேண்டும். அம்மா என்ற சொல்லில் பாதி அளவு நினைவு இல்லாததால் ஒரு முழு விளையாட்டின் குணமே மாறிப்போகிறது. ஈஎம்மில் நினைவுக்கு எடை உண்டு, இடம் வேண்டும், காசு செலவாகும். எதை நினைவில் வைப்பது என்பது வடிவமைப்பாளரின் முதல் முடிவாக இருந்தது, மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தன. குறுந்தொகைப் பாட்டு நான்கிலிருந்து எட்டு அடிக்குள் முடியவேண்டியிருப்பதால்தான் அதில் ஒரு காக்கைக்கோ ஒரு நண்டுக்கோ அவ்வளவு கனம் வருகிறது. அப்படியொரு கட்டு இங்கேயும்.

எல் டொராடோவில் விழுந்த பலகையே நினைவு என்பதைக் கவனியுங்கள். எங்கோ ஒரு ரிலே பதிவு செய்து, அதை ஒரு விளக்கு நமக்குக் காட்டி, அப்படியெல்லாம் சுற்றவில்லை. பலகை இருந்த இடத்தில் ஒரு வெறுமை, அதுதான் பதிவு. ஒற்றை ஆட்டக்காரருக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டதால் கிடைத்த ஆடம்பரம் இது. நான்கு பேர் மெஷினை வாங்கி நிறுவியவர்களுக்கு ஒரே நேரத்தில் நான்கு மடங்கு காசு விழுந்தது. அதற்கான விலையை ஆட்டம் கொடுத்தது. அது ஒவ்வொரு பந்திலும் புதிதாகப் பிறந்து, ஒவ்வொரு பந்திலும் எல்லாவற்றையும் மறந்தது. தனித்தனிக் கதைகளின் தொகுப்பு அது. எல் டொராடோ நாவல்.

எனவே என் பரிந்துரை: முதல் மெஷின் ஒருவர் ஆடும் ஈஎம்மாக இருக்கட்டும். வீட்டில் நான்கு பேர் இருந்தால் முறைவைத்து ஆடி, ஸ்கோரைப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள், குடியொன்றும் முழுகாது. நடைமுறைக் காரணமும் இதற்குத் துணை நிற்கிறது. நான்கு பேர் மெஷினில் நான்கு வரிசை ஸ்கோர் சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்திலும் அதே சுவிட்சுகள், அதே கோளாறுகள். ஒருவர் மெஷினில் ஒரு வரிசைதான். முதல் புத்தகமாக வாசிக்க இதுவே தோது.

4

1977க்குப் பிறகு நினைவு எடையை இழந்தது. மைக்ரோபிராசசர் வந்ததும் நான்கு பேரின் கதையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடிந்தது. விதிகள் ஆழமாயின. அதை மட்டமாகப் பேசுவது முட்டாள்தனம். பின்பாலின் பெரிய படைப்புகளில் பல அதற்குப் பிறகுதான் வந்தன. ஆனால் முதல் மெஷின் வாங்குபவர் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு விஷயம் உண்டு. அந்த முதல் தலைமுறை போர்டுகளில் பல, மின்சாரம் இல்லாதபோதும் நினைவைக் காக்க ஒரு சின்ன பேட்டரியைச் சுமந்தன. பல வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்த மெஷின்களில் அந்த பேட்டரி கசிந்து, சுற்றியிருந்த செப்புத் தடங்களை அரித்துத் தின்றது. நினைவைக் காக்க வைத்ததே நினைவைக் கொன்றது.

ஈஎம்முக்கு அந்த பேட்டரி தேவைப்படவில்லை. வயரைப் பிடுங்கினாலும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். இருபது வருடம் ஒரு கேரேஜில் தூசி படிந்து கிடந்த மெஷினை நீங்கள் பார்க்கப் போகும்போது, அதை யாரோ கடைசியாக ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர் அப்படியே இருக்கலாம். இன்றைய புது மெஷின்களோ வாங்கிய பிறகும் மென்பொருள் அப்டேட்டில் புது விதிகளைப் பெறுகின்றன. அதுவும் சுவாரஸ்யமே. ஆனால் வீட்டுக்கு வந்த பொருள் முழுசாக வந்துவிட்டதா என்ற சந்தேகம் அதில் ஓயாது. எந்நேரமும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் உலகத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். வீட்டில் முடிந்துபோன ஒன்று வேண்டும்.

5

இதுவரை மெஷினின் வயிற்றைப் பற்றியே பேசினேன். முகத்தைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மையான விமர்சனம் இல்லை. தலைப்பெட்டியில் கண்ணாடியின் பின்புறம் அச்சிட்ட ஓவியம், அதற்குப் பின்னால் விளக்குகள். கார்டன் மோரிசன் காட்லீபுக்கும், டேவ் கிறிஸ்டென்சன் பாலிக்கும் வரைந்தவை இன்றும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தக் காலத்துக் கண்ணாடிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் சலிப்பு தட்டுகிறது, பிறகு எரிச்சல். பெண்கள் பெரும்பாலும் அலங்காரம். உடை குறைவு, வேலை எதுவும் இல்லை, ஓர் ஆணின் வெற்றியைப் பார்த்து வியப்பது மட்டும் வேலை. அமெரிக்கப் பூர்வகுடிகள் இறகு வைத்த கேலிச்சித்திரங்கள்.

இவை ஆண்கள் கூடும் மதுக்கடைகளுக்காகச் செய்தவை என்பது விளக்கம், சமாதானம் இல்லை. இந்த மெஷின்களே அன்று கொஞ்சம் கள்ளச் சரக்குதான். 1942இல் நியூயார்க் மேயர் லகார்டியா இவற்றைச் சூதாட்டம் என்று தடைசெய்து, சம்மட்டியால் உடைத்துப் புகைப்படத்துக்கு நின்றார். 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகர மன்றத்தார் முன்னால், பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி ஏவிக் காட்டி, இது அதிர்ஷ்டமில்லை திறமை என்று நிரூபித்த பிறகே தடை நீங்கியது. இலவச ஆட்டம் தருவதே சூதாட்டப் பரிசு என்று கருதிய இடங்களுக்காக, அதற்குப் பதில் கூடுதல் பந்து தரும் தனி வகை மெஷின்களையே காட்லீப் செய்தது. எல் டொராடோவுக்கும் அப்படி ஓர் உடன்பிறப்பு உண்டு, பெயர் 'கோல்ட் ஸ்ட்ரைக்'. சட்டம் வடிவத்துக்குள் எப்படிப் புகுந்துகொள்கிறது என்று பார்க்க நல்ல உதாரணம்.

எங்கள் வீட்டில் இந்த விவாதம் ஒரே வரியில் முடிந்தது. நான் காட்டிய ஒரு மெஷினின் படத்தைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்: "இதை ஹால்ல வெச்சா, பாப்பா தினமும் இந்தப் பொம்பளைங்களப் பாத்துட்டேதான வளரணும்?" உள்ளே இருக்கும் தர்க்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு பொருள் வீட்டுக்கு வருவது முகத்தோடுதான். காட்லீபில் சீட்டுக்கட்டு, பில்லியர்ட்ஸ், விளையாட்டு என்று கருப்பொருள் கொண்டவை நிறைய உண்டு. அவற்றிலும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். இந்த வடிகட்டலை ரசனைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

பார்க்கப் போகும்போது என்ன பார்ப்பது? வழக்கமாக எல்லோரும் "ஓடுதா?" என்று கேட்பார்கள். அது கடைசிக் கேள்வியாக இருக்கலாம். முதலில் கண்ணாடி ஓவியம்: வெப்பத்திலும் ஈரத்திலும் பெயிண்ட் உரிந்திருந்தால் பழையபடி கொண்டுவருவது கிட்டத்தட்ட முடியாது. அடுத்து ஆடுதளம்: ஃபிளிப்பரைச் சுற்றியும் பந்து அடிக்கடி விழும் குழிகளின் ஓரத்திலும் மரம் தெரியத் தேய்ந்திருக்கிறதா? மூன்றாவது, உள்ளே கை வைத்தவர்கள் யார்? ஓடாத, ஆனால் யாரும் நோண்டாத மெஷின், அவசரத்துக்குக் குறுக்கே வயர் இழுத்து ஓடவைத்த மெஷினைவிட எவ்வளவோ மேல். முன்னது படிக்காமல் கிடக்கும் புத்தகம், பின்னதில் யாரோ பக்கங்களைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். சர்க்யூட் வரைபடம் கூடவே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கடைசியாக, நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், மாடிப்படி உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் இன்னும் வாங்கவில்லை. ஹாலில் ஜன்னல் பக்கச் சுவரை அளந்து வைத்திருக்கிறோம், புத்தக அலமாரியை ஒன்றரை அடி தள்ளினால் இடம் வரும். ஒருவர் ஆடுவது, 1970களின் காட்லீப், கண்ணாடி உரியாதது, பாப்பா பார்த்தால் பதில் சொல்ல முடிகிற படம். கிடைக்கும் மெஷின் ஓடாததாக இருந்தால் நல்லது. அவளுக்கு இப்போது ஆறு வயது, கூட்டல் படிக்கிறாள். சக்கரம் 9இலிருந்து 0க்குப் போகும்போது பக்கத்துச் சக்கரம் ஏன் நகர்கிறது என்று, விரலை வைத்துக் காட்டவேண்டும்.